பல்லுக்கு முன்னே பதிந்த மண்டபம்

ஜூலை 3, புதன்

ஏழாம் வகுப்பில் படித்த ஒரு பிள்ளை ஒருநாள் என்னிடம் கேட்டாள்: "ரீச்சர், முரசுக்குள்ளை இருக்கிற பல்லுக்கு எப்ப வெளியில வரவேணுமெண்டு ஆர் சொல்லுறது?" மழை வந்ததும் விதை முளைக்கிறது போல, காலம் வந்ததும் உடம்பு சொல்லும் என்றேன். அவள் விடவில்லை. "மழை பெய்ஞ்சும் முளைக்காத விதையும் இருக்குத்தானே ரீச்சர்." மணி அடித்துவிட்டது. அடுத்த பாடம் கணிதம். நான் வெண்கட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இன்று காலை அபிசனின் வாய்க்குள் விரலை விட்டு மேலும் கீழும் தடவியபோது அந்தப் பிள்ளை ஞாபகத்துக்கு வந்தாள். முரசு, அதாவது ஈறு, வழுவழுவென்று இருக்கிறது. ஒரு கடலை அளவுகூட எங்கும் புடைப்பு இல்லை. ஆனி பிறந்ததோடு அவனுக்கு ஒரு வயது முடிந்துவிட்டது.

அபிசன் நிறோசாவின் மகன். நிறோசா என் தங்கச்சியின் மகள். தங்கச்சி இறந்து நாலு வருசம். பிள்ளைப்பேற்று விடுமுறை முடிந்து அவள் பிரதேச செயலகத்துக்கு வேலைக்குப் போகவேண்டி வந்ததால், பிள்ளையைப் பார்க்க என்னைக் கொக்குவிலிலிருந்து இங்கே வவுனியாவுக்குக் கூப்பிட்டாள். புருசன் செந்தூரன் கொழும்பில் வேலை, இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருவான். வீட்டில் பகலில் நானும் பிள்ளையும் செந்தூரனின் தகப்பனார் பரராசசிங்கத்தாரும்தான். அவர் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர்.

பிரச்சினை இதுதான். நிறோசாவின் தமையன் யோகன் கனடாவிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதியில் வருகிறான். அவன் நிற்கும்போதே, முதல் பல் வந்த பிள்ளையின் தலையில் கொழுக்கட்டை கொட்டும் பல்லுக்கொழுக்கட்டைக் கொண்டாட்டத்தை வைக்க வேண்டும் என்று ஆகஸ்ட் 18க்கு மண்டபம் பதிந்துவிட்டார்கள். வீடியோக்காரனுக்கும் சொல்லியாயிற்று.

"எல்லாம் றெடி பெரியம்மா. பல்லு மட்டும்தான் இன்னும் வரேல்லை," என்றாள் நிறோசா, கையால் வாயைப் பொத்திச் சிரித்தபடி.

"பல்லுக்கு ஒருத்தரும் அழைப்பிதழ் குடுக்கேல்லைப் போல," என்றார் மாமனார்.

ஜூலை 6, சனி

பிள்ளைக்குக் காய்ச்சல். பகல் பன்னிரண்டுக்கு உடம்பு அடுப்புக் கல்லாகச் சுட்டது. பனடோல் பாணி கொடுத்தோம். இறங்கவில்லை.

பரராசசிங்கத்தார் ஆறுதல் சொன்னார். "உது பல்லுக் காய்ச்சல் ரீச்சர். பல்லு உள்ளுக்கை நிண்டு வெளியில வர அந்தரப்படுது. அந்த அந்தரம்தான் சூடு. செந்தூரனுக்கும் பல்லு வரேக்கை காய்ஞ்சது."

"அவருக்கு எத்தினை மாசத்திலை வந்தது மாமா?" என்று நிறோசா கேட்டாள்.

"ஆறிலை. எங்கட பக்கம் பல்லு இரும்பு, பிள்ளை. எனக்கு எழுபத்திரண்டு வயசு, முப்பத்திரண்டும் சொந்தப் பல்லு." பிறகு பேரனைப் பார்த்து, "பிந்தி வாறது பிந்தித்தான் விழும். யோசியாதை," என்றார்.

போர்வையால் சுற்றிக் கிடத்தினோம். பின்னேரம் வெயில் தாழ்ந்ததும் காய்ச்சலும் தானாகத் தாழ்ந்தது. இரவு கஞ்சி குடித்தான்.

நான் என் பொய்ப்பல்லுத் தட்டைக் கழற்றிக் கழுவும்போது மட்டும் அபிசன் கதவடியில் நின்று பார்த்துச் சிரிப்பான். அவனுக்கு நான் தன் ஆள். தட்டு என் இருபத்திரண்டாம் வயதில் போட்டது. பூச்சிப் பல் என்று கேட்பவர்களுக்குச் சொல்வது வழக்கம்.

ஜூலை 7, ஞாயிறு

யோகன் அனுப்பிய பொதி வந்தது. வெல்வெட்டில் ஒரு சேர்வாணி, கல்லுப் பதித்த தலைப்பாகை, குட்டிச் சப்பாத்து. அளவு பார்க்கப் போட்டார்கள். முதலில் கண்ணாடியைப் பார்த்து விளையாடியவன் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து கத்தத் தொடங்கினான். கழற்றினேன். கழுத்தும் நெஞ்சும் நெருப்பு. உள்ளே போட்டிருந்த பெனியன் அப்படியே காய்ந்து கிடந்தது. தோய்க்கத் தேவையில்லை என்று மடித்து வைத்தேன்.

தலைப்பாகை பெரிது. பிள்ளைக்குத் தலைமயிர் இல்லாததால் நழுவுகிறது. இருப்பது பூனைமயிர்தான்.

ஜூலை 11, வியாழன்

பல் இல்லை. கிணற்றில் தண்ணீர் ஒரு முழம் இறங்கிவிட்டது.

ஜூலை 15, திங்கள்

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசுகிறது, ஆனால் அனல் காற்று. அபிசன் இப்போது ஒரு பழக்கம் பிடித்திருக்கிறான். பதினொரு மணி ஆனதும் என் மடியிலிருந்து இறங்கி, தவழ்ந்து போய்க் குசினிச் சீமெந்தில் வயிற்றைப் போட்டுக் கிடக்கிறான். முற்றத்தில் நாயும் அதே நேரம் தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே மண்ணைக் கிளறி வயிற்றைப் போடுகிறது. நாய்க்கு உடம்பில் வியர்வை இல்லை, நாக்கால்தான் சூட்டை வெளியேற்றும் என்று எத்தனை வருசம் வகுப்பில் சொல்லியிருப்பேன்.

இன்றும் பகல் காய்ச்சல். இன்றும் பின்னேரம் இல்லை. பல்லுக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியுமா?

தம்பிக்கும் இப்படித்தான் பகலில் மட்டும் என்று எழுத வந்தேன். அது அறுபது வருசத்துக்கு முந்தின கதை. அரிசி ஊறவைக்க வேண்டும்.

ஜூலை 19, வெள்ளி

பல் வந்துவிட்டது.

காலையில் சோறு தீத்தும்போது கரண்டியில் 'டிக்' என்று கேட்டது. பரராசசிங்கத்தார் ஓடிவந்து தானும் ஒரு தடவை தட்டிக் கேட்டார். பிறகு முன்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் தட்டிக் காட்டினார். வீடியோ அழைப்பில் யோகனுக்கும் ஒரு 'டிக்'. பிள்ளைக்கு அலுத்துவிட்டது.

மேல் முரசில் நடுவில் அல்ல, கொஞ்சம் ஓரமாக வந்திருக்கிறது. முன்பல் என்றால் உளி போலத் தட்டையாக இருக்கும். அப்பிளைக் கடிக்க உளிதானே வேண்டும். இது ஆணி முனை போலக் கூராக இருக்கிறது.

"புலிக்குட்டி," என்றார் தாத்தா.

எல்லோரும் போனபின் நிறோசா குசினிக்குள் வந்தாள்.

"பெரியம்மா, இது சரியான பல்லோ?"

"ஏன் கேக்கிறாய்?"

அவள் தன் மேலுதட்டை விரலால் தூக்கிக் காட்டினாள். முன்பற்கள் இரண்டுக்கும் பக்கத்தில் இருக்க வேண்டிய பற்கள் அவளுக்குச் சின்னதாக, கூராக இருக்கும். எனக்குத் தெரியும். அவள் சிரிக்கும்போது வாயைப் பொத்துவது எதற்கென்றும் தெரியும். "என்ரையைப் போலை இருக்கு," என்றாள். "வீடியோவிலை விழுமோ?"

"பால் பல்லுத்தானே," என்றேன். பதில் இல்லாத கேள்விக்கு நான் எப்போதும் சொல்வது போல.

ஜூலை 24, புதன்

நிறோசா அரைநாள் லீவு போட்டாள். நாலு பேரும் பல் வைத்தியரிடம் போனோம். வீடியோவுக்கு முன் பல்லின் கூர் முனையைக் கொஞ்சம் அராவி விடலாமா என்று கேட்பதுதான் அவளுடைய யோசனை.

டொக்டர் சப்ரினா சின்னப் பெண். பிள்ளையின் வாயை லைட் அடித்துப் பார்த்தார். பிறகு வாயை விட்டுவிட்டுத் தலைமயிரைத் தடவினார், புருவத்தைப் பார்த்தார், கண்ணுக்குக் கீழே கருத்துச் சுருங்கிய தோலைப் பார்த்தார். பல் வைத்தியர் ஏன் புருவம் பார்க்கிறார் என்று பரராசசிங்கத்தார் என் காதுக்குள் கேட்டார்.

"பிள்ளைக்கு வேர்க்கிறதோ?" என்று டொக்டர் கேட்டார்.

"சின்னப் பிள்ளையள் எங்கை மிஸ் வேர்க்கிறது," என்றார் தாத்தா. "அவை என்ன மண்வெட்டியோ பிடிக்கினம்."

டொக்டர் சிரிக்கவில்லை. "காய்ச்சல் அடிக்கடி வருமோ? வெயில் நேரத்திலையோ?"

"அது பல்லுக் காய்ச்சல்."

"பல்லு வாறதாலை அவ்வளவு கடுமையான காய்ச்சல் வராது ஐயா." அவர் நிறோசாவின் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்கட பல்லையும் ஒருக்காப் பாக்கலாமோ?" பார்த்தார். பிறகு எங்கள் எல்லோரையும் பொதுவாகப் பார்த்துக் கேட்டார்: "அம்மாவின்ரை பக்கத்திலை ஆருக்கும் பல்லுக் குறைவோ? சின்ன வயசிலை தவறிப்போன ஆம்பிளைப் பிள்ளையள் இருந்ததோ?"

பெரியாஸ்பத்திரிப் பிள்ளை வைத்தியருக்குக் கடிதம் தந்திருக்கிறார். ஆகஸ்ட் 7க்கு நாள் கிடைத்தது. நேரம் போய்விட்டபடியால் பழைய கதைகள் ஒன்றும் கதைக்காமல் வந்துவிட்டோம். ஓட்டோவில் எனக்கு இடுப்பு வலி.

ஜூலை 25, வியாழன்

நித்திரை சரியில்லை. டொக்டர் கேட்டபோது நிறோசா என்னைத்தான் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தாய் சொல்லியிருக்க மாட்டாள், தம்பியின் காலத்தில் என் தங்கச்சிக்கு இரண்டு வயதுதான். நான் சுவரில் இருந்த பல்லுப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல படம். தாடைக்குள் பால் பற்கள், அவற்றுக்கு அடியில் பெரிய பற்கள், மாடி வீடு போல இரண்டு தட்டில்.

பரராசசிங்கத்தார் பக்கத்தில் நிற்கும்போது எதைச் சொல்வது? மருமகளின் பரம்பரையைப் பற்றி ஒரு சொல் விழுந்தால் அது மண்டபம் நிறையப் போகும்.

ஜூலை 29, திங்கள்

ஆசிரியப் புத்தி போகாது. இன்று காலை பத்து மணிக்குப் பிள்ளையை முற்றத்து நிழலில் பந்து உருட்டி விளையாட விட்டேன். நான் அவனுக்குப் பின்னால் குனிந்து குனிந்து ஓடினேன். முடிவில் என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஈரம் உறிஞ்சும் மெல்லிய ரிசுப் பேப்பர் ஒன்றை என் நெற்றியில் ஒற்றினேன், நனைந்து கிழிந்தது. அவன் நெற்றியில், அக்குளில், முதுகில் ஒற்றினேன். பேப்பர் பேப்பராகவே இருந்தது. அவன் உடம்போ கொதித்தது.

மண்பானையை வெயிலில் வைத்தாலும் தண்ணீர் குளிர்ந்திருக்கும், ஏனென்றால் பானை வேர்க்கிறது. சில்வர் குடம் வேர்க்காது. எங்கள் பிள்ளை சில்வர் குடம்.

இதை நிறோசாவுக்குச் சொன்னேன். அவள் வேலைப் பையைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள். "அப்ப பல்லு வாறதாலை காய்ச்சல் இல்லையோ?"

"பல்லு வராததும் காய்ச்சல் வாறதும் ஒரு இடத்திலை இருந்து வருகுது போல. டொக்டரிட்டைப் போவம்."

"மாமாவுக்கு இப்ப சொல்லாதேங்கோ," என்றாள்.

நான் மற்றதையும் சொல்லியிருக்கலாம். சோறு அடிப்பிடித்த மணம் வந்தது. எழுந்து போனேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இதை உடனே எழுதிவிட வேண்டும்.

இன்று பகல் முழுக்க மின்வெட்டு. திருத்த வேலை என்று முதல்நாளே அறிவித்திருந்தார்கள். நிறோசா வேலைக்குப் போயிருந்தாள். பிள்ளை நித்திரை கொண்டதும் தாத்தாவைப் பார்க்கச் சொல்லிவிட்டு நான் சந்திக் கடைக்குப் போனேன். திரும்பி வரும்போது விறாந்தையில் பரராசசிங்கத்தார் சாய்மனைக் கதிரையில் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். பிள்ளையைச் சுற்றிக் கம்பளி. ஒன்றல்ல, இரண்டு.

"காய்ச்சல் கடுமை ரீச்சர். நல்லாப் போர்த்தி வைச்சிருக்கிறன். ஒருக்கா வேர்த்துதெண்டால் இறங்கிப்போடும்."

பிள்ளையின் கண் பாதி திறந்து வெள்ளை தெரிந்தது. உதடு வெடித்திருந்தது. கையைத் தூக்கினால் விழுந்தது.

நான் பையைப் போட்டுவிட்டுப் பிள்ளையைப் பறித்தேன். அப்படித்தான் சொல்ல வேண்டும். கம்பளியை வழியில் உதறிவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினேன். காலையில் இறைத்து வைத்த வாளியில் தண்ணீர் இருந்தது. தோளிலிருந்து ஊற்றினேன்.

அவர் ஓடி வந்து என் கையைப் பிடித்தார். பதினைந்து வருசச் சம்பந்தத்தில் என் கையைத் தொட்டது இதுதான் முதல். "என்ன செய்யிறியள்? காய்ச்சலுக்குத் தண்ணி வாத்தால் சன்னி பிடிக்கும். பிள்ளையைக் கொல்லப் போறியளோ?"

"இவன் வேர்க்கமாட்டான்," என்றேன். "எத்தினை போர்வை போட்டாலும் வேர்க்கமாட்டான். விடுங்கோ கையை."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"என்ரை தம்பியும் வேர்க்கேல்லை. பல்லுக் காய்ச்சல் எண்டுதான் அவனையும் போர்த்தினது. அம்மாவும் போர்த்தினா, ஆச்சியும் போர்த்தினா. எனக்கு ஆறு வயசு. பழஞ்சீலை எடுத்து வாவெண்டு என்னையும் அனுப்பினவை."

கையை விட்டுவிட்டார். நான் ஊற்றினேன். ஈரத் துவாயால் சுற்றி, விசிறி, மறுபடியும் ஊற்றினேன். எத்தனை வாளி என்று தெரியாது. தண்ணீர் முடிந்தபோது கப்பியில் கயிறு ஓடும் சத்தம் கேட்டது. பரராசசிங்கத்தார் இறைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு அபிசன் அழுதான். நல்ல, கோபமான, உரத்த அழுகை.

ஈரத் துவாயோடேயே ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சேலைன் ஏற்றியிருக்கிறார்கள். நிறோசா கட்டிலடியில் இருக்கிறாள். நான் மாற்றுடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தேன். கம்பளிகள் முற்றத்தில் கிடந்தன. மடித்து வைக்க மனம் வரவில்லை. தம்பியின் பெயர் குலேந்திரன். இந்த வீட்டில் அந்தப் பெயரை நான் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டான். பிழை ஒன்றும் இல்லை, தலை தப்பியது என்று சொல்லித்தான் விட்டார்கள். விறாந்தையில் பாய் போட்டு, ஈரப் பெனியனோடு கிடத்தியிருக்கிறோம். பரராசசிங்கத்தார் என்னோடும் கதைக்கவில்லை, மருமகளோடும் கதைக்கவில்லை. மனைவி போன பிறகு எங்களோடு சேர்ந்திருந்து சாப்பிட்டவர், இப்போது தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போகிறார்.

ஆகஸ்ட் 7, புதன்

பிள்ளை வைத்தியர் எக்ஸ்-றேயைக் கண்ணாடிப் பெட்டியில் செருகிக் காட்டினார். தாடை வெறும் தோட்டமாகக் கிடந்தது. அங்கொன்று இங்கொன்றாக ஐந்தோ ஆறோ பல் முளைகள், எல்லாம் கூர். அடுத்த தட்டில் பெரிய பற்கள் அதைவிடக் குறைவு.

அவர் சொன்னதை என் பாசையில் எழுதுகிறேன். தாயின் வயிற்றில் பிள்ளை விரலளவுகூட வளராத காலத்தில், மேல்தோலிலிருந்துதான் பல், மயிர், நகம், வியர்வைச் சுரப்பி எல்லாம் முளைக்கின்றன. ஒரே மாவில் பிடித்த பலகாரங்கள் போல. மாவில் ஒரு சரக்குக் குறைந்தால் எல்லாப் பலகாரத்திலும் குறை தெரியும். இது தொற்று இல்லை, யாரும் செய்த பிழையும் இல்லை. மருந்தால் சுரப்பியை முளைக்க வைக்க இப்போதைக்கு முடியாது. சூட்டிலிருந்து காப்பாற்றினால் மற்றப் பிள்ளைகளைப் போல வளருவான், படிப்பான். மூன்று நாலு வயதில் குட்டிப் பல்லுத் தட்டுப் போடலாம்.

"தாய் வழியாத்தான் கூடுதலா வாறது," என்றார். "பொம்பிளைப் பிள்ளையளுக்குச் சின்னதாத் தெரியும். ஆம்பிளைப் பிள்ளையளுக்குத்தான் முழுசா."

இரண்டு கிணறு உள்ள வளவும் ஒரு கிணறு உள்ள வளவும் போல என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒன்று வற்றினாலும் மற்றதிலிருந்து பெண்பிள்ளைக்குக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்கும். பையனுக்கு ஒன்றுதான்.

அவர் நிறோசாவின் வாயைப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார். நான் திரும்பி நின்று தட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். பரராசசிங்கத்தார் எதிரில் இருந்தார். பதினொரு பல் எனக்கு முளைக்கவே இல்லை. பூச்சிப் பல் இல்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்தது. அந்தக் காலத்தில் எனக்கு வந்த இரண்டு மூன்று கலியாணப் பேச்சும் பெண் பார்க்க வந்தவர்கள் போனதோடு நின்றன. அது வேறு கதை.

தம்பியைப் பற்றியும் சொன்னேன். டொக்டர் எழுதிக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஓட்டோவில் பரராசசிங்கத்தார் ஒரே ஒரு வசனம் பேசினார். "எங்கட பக்கம் இப்பிடி ஒண்டும் இல்லை. முந்தியே தெரிஞ்சிருந்தால்..."

நிறோசா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மீதி என்ன என்பது அவளுக்கும் எனக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 10, சனி

செந்தூரன் வந்தான். எல்லாவற்றையும் கேட்டான். கேட்டுவிட்டு நிலத்தில் வைக்கிற எயர் கூலர் ஒன்றை வாங்கி வந்து பொருத்தினான். அதிகம் பேசுகிறவன் இல்லை. தகப்பனும் மகனும் முற்றத்தில் நின்று கதைத்தார்கள், குரல் உயர்ந்தது, தாழ்ந்தது. சொல் கேட்கவில்லை. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஒரு தேங்காய் போதும், இரண்டைத் துருவிவிட்டேன்.

ஆகஸ்ட் 14, புதன்

யோகன் வந்துவிட்டான். வந்ததும் மருமகனைத் தூக்கிப் பிடித்துப் பல்லை எண்ணினான். இன்னும் ஒன்றுதான்.

"மண்டபத்திலை ஏ.சி. இருக்கு பெரியம்மா. ஒரு மணித்தியாலம்தானே."

"கரண்ட் நிண்டால்? வீடியோ லைட்டு? அந்த வெல்வெட்டு?"

"எல்லாருக்கும் சொல்லியாச்சு. இப்ப நிப்பாட்டினால் ஏனெண்டு கேப்பினம்."

நிறோசா சுவரோடு சாய்ந்து நின்றாள். "கேக்கட்டும் அண்ணா. ஆனால் என்னத்தைச் சொல்லுறது? பிள்ளைக்கு வியாதி, அது தாயின்ரை பக்கத்தாலை எண்டோ? நாளைக்கு உன்ரை பிள்ளையளையும் உப்பிடித்தான் பாப்பினம்."

இந்தக் குறை யோகனுக்கு இல்லை, அவன் வழியாகப் போகவும் போகாது என்று டொக்டர் சொன்னதைச் சொன்னேன். அதையெல்லாம் மண்டபத்தில் நின்று விளங்கப்படுத்த முடியாது என்று எனக்கே தெரியும். உறவுக்காரர் காதில் முதல் பாதிதான் விழும்.

ஒரு முடிவும் இல்லாமல் படுத்தோம்.

ஆகஸ்ட் 15, வியாழன்

காலை ஆறு மணியிலிருந்து பரராசசிங்கத்தார் தொலைபேசியில். தபால் கந்தோர்க் குரல், முற்றம் வரை கேட்கும்.

"ஓம் தம்பி, பரராசசிங்கம் கதைக்கிறன். ஞாயிற்றுக்கிழமை விசேசம் இல்லை... இல்லையில்லை, பிள்ளை நல்ல சுகம். எனக்குத்தான். சுகர் அறுநூறுக்குப் போட்டுது. டொக்டர் கட்டிலை விட்டு எழும்பவேண்டாமெண்டிட்டார்... ஓம், அப்பிடித்தான், திடீரெண்டு."

அடுத்தவருக்கும் அதே. அதற்கடுத்தவருக்குச் சுகர் எழுநூறு. நிறோசா பல் விளக்கியபடி கிணற்றடியில் நின்று கேட்டாள். வாயில் நுரையோடு என்னைப் பார்த்தாள்.

நான் தேத்தண்ணி கொண்டுபோய் மேசையில் வைத்தேன். "உங்களுக்கு எப்ப சுகர் வந்தது?"

"நேற்று ராத்திரி." இரண்டு கரண்டி சீனி போட்டுக் கலக்கினார். "ரீச்சர், அண்டைக்குக் கம்பளி சுத்தினது நான். நீங்கள் பிந்தி வந்திருந்தால் இந்த வீட்டிலை இப்ப என்ன நடந்திருக்கும்? அதை ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை. மருமகளும் கேக்கேல்லை. ஓட்டோவிலை நான் வாய் விட்டதுக்கும் அவள் ஒண்டும் கேக்கேல்லை."

"அவளிட்டையே சொல்லுங்கோ."

"அது ஏலாது. சுகர் எண்டு சொல்லத்தான் ஏலும்."

பின்னேரம் முதல் பார்வையாளர்கள் வந்துவிட்டார்கள். சுகருக்கு நல்லதென்று ஒரு பை பாகற்காய், குரக்கன்மா. அவர்கள் முன்னால் சீனியில்லாத் தேத்தண்ணியை முகம் சுளிக்காமல் குடித்தார். நிறோசாதான் கொண்டுவந்து கொடுத்தாள். "மாமா, சீனி போடேல்லை, பயப்பிடாமல் குடியுங்கோ," என்றாள். இம்முறை சிரிக்கும்போது வாயைப் பொத்த மறந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

விடிய ஐந்தரைக்குக் கொழுக்கட்டை அவிந்தது. ஒவ்வொன்றின் விளிம்பிலும் தேங்காய்ச் சொட்டுத் துண்டைப் பல்லுப் போலக் குத்தினேன். வழக்கமாக வரிசையாகக் குத்துவோம், இம்முறை ஒவ்வொன்றுக்கும் ஒன்றுதான். யோகன் பக்கத்தில் இருந்து தானும் குத்தினான். அவனுடையவை எல்லாம் கோணல்.

சூரியன் வர முன்னம் கிணற்றடியில் பெரிய அலுமினியப் பேசினை வைத்து பிள்ளையின் முழங்காலளவு தண்ணீர் விட்டோம். அபிசனை அதற்குள் இருத்தினோம், இடுப்பில் ஒரு வெள்ளிக் கொடி மட்டும். வெல்வெட்டும் இல்லை, தலைப்பாகையும் இல்லை. நிறோசாவும் செந்தூரனும் வெள்ளைத் துணியை அவன் தலைக்கு மேலே பிடித்தார்கள். வழக்கமாகக் கொட்டும் மாமி உறவில் யாரும் இல்லையே என்று நான் யோசித்தபோது, பரராசசிங்கத்தார் சுளகை என் கையில் தந்தார்.

"நீங்கள் கொட்டுங்கோ ரீச்சர்."

"நான் கலியாணம் கட்டாதனான். ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

"ஆக்கள் எல்லாம் என்ரை சுகரைப் பற்றித்தான் கதைச்சுக்கொண்டிருக்கினம். கொட்டுங்கோ."

கொட்டினேன். கொழுக்கட்டைகள் துணியில் உருண்டு தண்ணீருக்குள் விழுந்தன. பிள்ளைக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கையை அடித்துத் தண்ணீரை எல்லோர் மேலும் தெறித்தான். ஒன்றைப் பிடித்து அந்த ஒரே பல்லால் கடித்தான். கூரான பல், நன்றாக இறங்கியது. யோகன் போனில் வீடியோ எடுத்தான். வீடியோவில் பல் விழுந்ததோ இல்லையோ, நிறோசா கேட்கவில்லை.

வெயில் ஏற முன்னம் உள்ளே வந்துவிட்டோம். நான் மட்டும் அடிக்கடி எழுந்து போய்ப் பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். இனி அது விடாது.

ஆகஸ்ட் 21, புதன்

முன்வீட்டு அம்மா வந்தா. அபிசனின் ஈரப் பெனியனைத் தொட்டுப் பார்த்து, "என்ன ரீச்சர், படிச்ச நீங்களே பிள்ளையை நனைச்சு வைச்சிருக்கிறியள். சளி பிடிக்கப்போகுது," என்றா. நான் தோலைப் பற்றிச் சொன்னேன், சுரப்பியைப் பற்றிச் சொன்னேன், மண்பானையைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, போகும்போது நிறோசாவிடம், "பெனியனை மாத்து பிள்ளை," என்று சொல்லிவிட்டுப் போனா.

நாளைக்கு அவவைக் கூப்பிட்டு, வாயால் சொல்லாமல் ஒரு கையை நனைத்துச் செய்து காட்டப் போகிறேன். நாற்பது வருசம் வகுப்பில் நின்றவளுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். நனைத்த கை, வேர்க்கிற எங்களுடையது. அபிசனுக்கு இரண்டு கையும் நனைக்காத கை.

இதை யார் வாசித்தாலும், நடுப்பகலில் ஒரு கையின் புறத்தை மட்டும் தண்ணீரால் நனைத்துவிட்டு, இரண்டு கைகளையும் ஓடுகிற ஃபானுக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் பிடித்து, எந்தக் கை குளிருகிறது என்று பாருங்கள்.